டேட்டாபேஸ் சர்வரின் சிபியு நூறைத் தொட்டால்: ரீஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

"ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" சர்வர் திணறுகிறது என்று சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீட்டு மோடத்துக்கு இது சரி. டேட்டாபேஸ் சர்வருக்கு இதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. ரீஸ்டார்ட் செய்த நொடியில், எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடிக்கொண்டிருந்தது, எவருடைய கணினியிலிருந்து வந்தது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற சாட்சியம் எல்லாம் அழிந்துவிடும். நினைவகத்தில் சூடாக இருந்த தரவு போய்விடும். அறுந்த இணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து மோதும். பத்து நிமிடம் கழித்து அதே குவெரி அதே கூட்டத்தோடு வந்து நிற்கும்.

எனவே இந்தக் கட்டுரை ரீஸ்டார்ட் செய்யாமல் காரணத்தைக் கண்டுபிடிப்பது பற்றியது. லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். மையெஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு. இரண்டு சிறு குறிப்புகள். புராசஸரைச் செயலி என்று எழுதினால் இப்போது பலருக்குக் கைப்பேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் சிபியு என்றே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டும்போது பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி போன்ற பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

முதலில், எண்ணைச் சரியாகப் படியுங்கள்

சர்வருக்குள் நுழைந்து 'டாப்' கட்டளையை ஓட்டுங்கள். மேலே 'லோட் ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் தெரியும்: கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடத்தின் சராசரி. இவற்றைத் தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லை. 'என்ப்ராக்' என்று தட்டினால் எத்தனை கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எத்தனை அலகுகள், என்று தெரியும். எட்டு கோர் கணினியில் லோட் 6 என்பது நல்ல உழைப்பு. இரண்டு கோர் கணினியில் அதே 6 நெரிசல். மூன்று எண்களில் முதலாவது பெரிதாகவும் கடைசி சிறிதாகவும் இருந்தால் சிக்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது; தலைகீழாக இருந்தால் வடிந்துகொண்டிருக்கிறது.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸின் லோட் கணக்கில் சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்கள் மட்டுமல்ல, வட்டிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருப்பவர்களும் சேர்த்தி. லோட் 40 என்று அலறும் சர்வரில் சிபியு பாதி ஓய்வாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அடுத்த வரிக்கு இறங்குங்கள். அங்கே சதவீதங்கள் பிரிந்து கிடக்கும். 'யுஎஸ்' என்பது நிரல்கள் செய்யும் வேலை. 'எஸ்ஒய்' கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, செய்யும் வேலை. 'டபிள்யூஏ' வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம். 'எஸ்டி' என்பது உங்கள் மெய்நிகர் கணினியிடமிருந்து பறிக்கப்பட்ட நேரம்.

யுஎஸ் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் குவெரியில்தான் கோளாறு. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். டபிள்யூஏ உயர்ந்திருந்தால் உங்கள் பிரச்சினை வட்டு. சிபியுவைக் குறை சொல்லாதீர்கள். எஸ்ஒய் உயர்ந்து, பட்டியலில் 'கேஸ்வாப்டி0' மேலே தெரிந்தால் நினைவகம் போதவில்லை. எஸ்டி உயர்ந்திருந்தால் உங்கள் குவெரிகளில் எவ்வளவு தேடினாலும் விடை கிடைக்காது. அமேசானின் டி3 வகைக் கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டி3 மீடியத்தில் இரண்டு மெய்நிகர் சிபியு. ஒவ்வொன்றிலும் தொடர்ந்து பயன்படுத்த உரிமையுள்ள அளவு 20 சதவீதம்தான். அதற்கு மேல் சேமித்து வைத்த கிரெடிட்டிலிருந்து செலவாகும். கிரெடிட் தீர்ந்தபின், வரம்பற்ற முறை இயக்கத்தில் இல்லை என்றால், கழுத்தில் கயிறு விழும். மலிவு என்று இதில் டேட்டாபேஸை ஏற்றிவிட்டு, "தினமும் மதியம் மெதுவாகிறது" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. எண்பது சதவீதம் சிபியு என்பது நோயல்ல. வேலை செய்யத்தானே அதை வாங்கினோம்! பயனர்களுக்கு மறுமொழி தாமதமாகிறதா என்பதே கேள்வி. தாமதமில்லை என்றால் குறித்து வைத்துக்கொண்டு, பகல் வேலையைப் பாருங்கள்.

குற்றவாளி டேட்டாபேஸ்தானா?

டாப் ஓடும்போது 'சி' விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) முழுப் பெயரும் விரியும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி புராசஸ் உண்டு. அதன் பெயரிலேயே பயனர், டேட்டாபேஸ், எந்த முகவரியிலிருந்து வந்தது, செலெக்ட் ஓடுகிறதா சும்மா இருக்கிறதா என்பதெல்லாம் எழுதியிருக்கும். இது பெரிய வசதி. எந்தக் கருவியும் இல்லாமலே பாதித் துப்பு கையில் கிடைத்துவிடும்.

மேலே இருப்பது போஸ்ட்கிரெஸ் அல்ல, யாரோ பகலில் தொடங்கிய பேக்கப்பைச் சுருக்கும் ஜிஜிப் என்றால் கதை அத்துடன் முடிந்தது. காரணம் டேட்டாபேஸிலும் இல்லாமல் வேறு நிரலிலும் இல்லாமல் போவதும் உண்டு. 2012 ஜூன் 30 நள்ளிரவில் உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டபோது லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையால் ஜாவாவும் மையெஸ்கியூஎல்லும் ஓடிய பல சர்வர்களில் சிபியு காரணமில்லாமல் ஏறி நின்றது. தேதியை மறுபடி அமைத்தவுடன் இறங்கியது. அன்று குவெரிகளைத் துருவியவர்கள் எவ்வளவு நேரம் வீணாக்கியிருப்பார்கள்!

ஆனால் ஒரு பெயரைக் கண்டால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். போஸ்ட்கிரெஸ் பயனரின் பெயரில், 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ' என்ற புராசஸ் எல்லா கோரையும் விழுங்கிக்கொண்டிருந்தால், அது கிரிப்டோ நாணயம் தோண்டும் திருட்டு நிரல். கெர்னலுக்குச் சொந்தமான 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்ற உண்மையான புராசஸின் பெயரில் கடைசியில் ஓர் 'ஐ' சேர்த்து வேடம் போட்டிருக்கிறது. துணைக்குக் 'கின்சிங்' என்று இன்னொன்றும் இருக்கும். ஒன்றைக் கொன்றால் மற்றது எழுப்பிவிடும். 5432 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்து, போஸ்ட்கிரெஸ் பயனருக்கு எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைத்தால் இது நடக்கும். சூப்பர்யூசராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, உள்ளே வந்தவர் 'காப்பி ஃப்ரம் ப்ரோகிராம்' என்ற கட்டளையால் சர்வரில் எந்த நிரலையும் ஓட்டலாம்; 9.3 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இந்த நிலையில் குவெரியைச் சீர்செய்ய ஒன்றுமில்லை. கணினியை வலையிலிருந்து துண்டித்து, நல்ல பேக்கப்பிலிருந்து புதிய கணினியில் எழுப்புவதே வழி. சுத்தம் செய்து அதையே வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை வேண்டாம்.

இந்த நிமிடம் என்ன ஓடுகிறது?

சரி, மேலே இருப்பது போஸ்ட்கிரெஸ்தான். இனி உள்ளே போகலாம். இணைப்புகள் நிரம்பிவிட்டன என்று சர்வர் கதவைச் சாத்தினால் சூப்பர்யூசராக முயலுங்கள். இயல்பாகவே 3 இடங்கள் அவருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பயனராக நுழைந்தால் மற்றவர்களின் குவெரி வாசகம் மறைக்கப்பட்டிருக்கும். 'பிஜி மானிட்டர்' என்ற உரிமைத் தொகுப்பை (ரோல்) முன்கூட்டியே உங்கள் கணக்குக்குக் கொடுத்து வைப்பது நல்லது.

பார்க்க வேண்டிய இடம் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'. நிலை 'ஆக்டிவ்' என்று இருக்கும் பதிவுகளை மட்டும் வடிகட்டி, 'குவெரி ஸ்டார்ட்' நேரப்படி பழையது மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள். பிஐடி, பயனர், கிளையண்ட் முகவரி, 'வெயிட் ஈவென்ட் டைப்', குவெரி வாசகம் ஆகியவை போதும். டாப்பில் முதலிடத்தில் இருந்த புராசஸ் எண்ணும் இங்கே இருக்கும் பிஐடியும் ஒன்றே. இரண்டையும் பொருத்திப் பாருங்கள்.

வெயிட் ஈவென்ட் டைப் நெடுவரிசையைப் படிப்பதில்தான் சூட்சுமம். அதில் 'லாக்' என்று இருந்தால் அந்தக் குவெரி வேறொருவர் பூட்டி வைத்த தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அது சிபியுவைத் தின்னவில்லை, பட்டினி கிடக்கிறது. 'ஐஓ' என்றால் வட்டுக்காக நிற்கிறது. நிலை ஆக்டிவ், ஆனால் இந்த இடம் காலி என்றால், அந்தக் குவெரி பெரும்பாலும் சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு வேண்டியவர் அவர்தான்.

ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் குவெரிக்கு அடுத்தபடியாகப் பின்சாய்கோடு போட்டு 'வாட்ச் 1' என்று தட்டினால் நொடிக்கொருமுறை அதே பட்டியல் வந்துகொண்டிருக்கும். பத்துப் பதினைந்து முறை ஓடவிடுங்கள். டீக்கடைக்கு எப்போது போனாலும் அதே ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அவர் ஒரே இருப்பாக இருக்கிறாரா, எழுந்து எழுந்து திரும்பி வருகிறாரா என்பது முக்கியமல்ல. பெஞ்சு அவரிடம்தான் இருக்கிறது. பத்தில் எட்டு முறை ஒரே வாசகம் கண்ணில் பட்டால் அதுவே சுமை, ஒவ்வொரு முறையும் அரை நொடியில் முடிந்தாலும்கூட. நீளமாக ஓடுவதை மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். பிறகு வேண்டும்.

தீயை அணைக்க வேண்டியிருந்தால்

வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள், ஆராய நேரமில்லை என்றால், சாட்சியத்தை எடுத்த பின்பு மட்டும், குற்றவாளிக் குவெரியை நிறுத்தலாம். 'பிஜி கேன்சல் பேக்எண்ட்' என்ற செயற்கூற்றில் பிஐடியைக் கொடுத்தால் ஓடும் குவெரி மட்டும் நிற்கும், இணைப்பு இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் 'பிஜி டெர்மினேட் பேக்எண்ட்' இணைப்பையே அறுக்கும்.

செய்யக்கூடாதது ஒன்று: லினக்ஸில் 'கில் மைனஸ் 9'. ஒரே ஓர் இணைப்பின் புராசஸைத்தானே கொல்கிறோம் என்று தோன்றும். ஆனால் தாய்ப் புராசஸ், பிள்ளைகளில் ஒன்று அகால மரணம் அடைந்ததைப் பார்த்தவுடன், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு மீட்புப் பணியில் இறங்கும். ஒருவரை வெளியேற்றப் போய் மண்டபத்தையே காலி செய்த கதை.

ஆட்டோவேக்கம் என்ற பெயரில் ஒரு புராசஸ் சிபியுவை எடுத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது, நீக்கிய, மாற்றிய பதிவுகளின் பழைய பிரதிகளை அகற்றும் துப்புரவுப் பணியாளர். இன்று அவரை விரட்டினால் நாளை குப்பை இரட்டிப்பாகும்.

கணக்குப் புத்தகத்தைத் திறப்பது

இப்போது ஓடுவதைப் பார்த்தாயிற்று. நேற்றிலிருந்து மொத்த நேரத்தை யார் செலவழித்தார்கள் என்பதற்கு 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற நீட்சி இருக்கிறது. பல கிளவுட் சேவைகளில் இது முன்பே ஏற்றப்பட்டிருக்கும். சொந்த சர்வரில் 'ஷேர்டு ப்ரீலோடு லைப்ரரீஸ்' அமைப்பில் இதன் பெயரைச் சேர்த்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்; பிறகு 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்'. சிக்கல் வந்தபின் இதைச் செய்ய முடியாது என்பதால், புதிய சர்வர் அமைக்கும் அன்றே செய்துவிடுவது என் வழக்கம்.

இதில் வரிசைப்படுத்த வேண்டியது சராசரி நேரத்தை அல்ல, மொத்த நேரத்தை. 13ஆம் பதிப்பிலிருந்து அந்த நெடுவரிசையின் பெயர் 'டோட்டல் எக்ஸெக் டைம்'. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை ஓடி 20 நொடி எடுக்கும் அறிக்கை, ஒரு மணி நேரத்தில் 20 நொடியைத்தான் எடுக்கிறது. ஒரு குவெரி வெறும் 3 மில்லிநொடிதான். ஆனால் நொடிக்கு ஆயிரம் முறை வருகிறது. ஒவ்வொரு நொடியிலும் 3 நொடி வேலை, அதாவது மூன்று கோர் முழுக்க அதற்கே போய்விடும். நான்கு கோர் சர்வரில் மற்ற எல்லோருக்கும் மிச்சம் ஒன்று. இத்தகைய குவெரிகள் பெரும்பாலும் நிரலின் சுழற்சிக்குள்ளிருந்து வருபவை: நூறு ஆர்டர்களைக் காட்டும் பக்கம், ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கும். அதற்கு மருந்து இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்க வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்) அல்ல; நிரலை எழுதியவரோடு உட்கார்ந்து, நூறு கேள்வியை ஒரே கேள்வியாக மாற்றுவது.

ஓர் எச்சரிக்கை. இங்கே காட்டப்படுவது கடிகார நேரம். சிபியு நேரம் அல்ல. லாக்குக்காகக் காத்திருந்த நேரமும் இதில் சேரும். அதனால்தான் முந்தைய படியில் எடுத்த பட்டியல் வேண்டும் என்றேன். இரண்டிலும் மேலே வருகிற குவெரியைப் பிடியுங்கள்.

ஒரு கைப்பேசி எண்ணின் கதை

இனி அந்தக் குவெரி ஏன் இவ்வளவு உழைக்கிறது என்ற கேள்வி. இதற்கு ஒரு பார்சல் நிறுவனத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எட்டு கோர் சர்வர். பண்டிகைக் காலத்தில் முற்பகல் முழுக்கச் சிபியு நூறு. அலுவலகத்தில் எல்லோரும் கைகாட்டியது கணக்குப் பிரிவின் மாதாந்திர அறிக்கையை. அது 40 நொடி ஓடும், பார்க்கவும் பயங்கரமான குவெரி. ஆனால் அது ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் ஓடியது. ஸ்டேட்மென்ட்ஸ் பட்டியலின் உச்சியில் இருந்தது யாரும் சந்தேகிக்காத ஒரு சிறு தேடல்: வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்வது. சராசரி 700 மில்லிநொடி. மணிக்கு 9,000 முறை.

கைப்பேசி எண் நெடுவரிசையில் இண்டெக்ஸ் இருந்தது. அதனால்தான் யாரும் சந்தேகிக்கவில்லை.

குவெரியை ஓட்டும் திட்டத்தைக் காட்டும் 'எக்ஸ்பிளெயின்' கட்டளையை 'அனலைஸ்', 'பஃபர்ஸ்' என்ற இரு விருப்பங்களோடு ஓட்டினேன். அனலைஸ் சேர்த்தால் குவெரி உண்மையிலேயே ஓடும் என்பதை மறக்கவேண்டாம். செலெக்ட் என்றால் பரவாயில்லை. அப்டேட், டெலீட் என்றால் 'பிகின்' போட்டுத் தொடங்கி, பார்த்தபின் 'ரோல்பேக்' செய்தாக வேண்டும். வந்த திட்டத்தில் கண்ணில் பட்டவை மூன்று. முதலாவது 'பேரலல் சீக் ஸ்கேன்', அதாவது இண்டெக்ஸைத் தொடாமல் அட்டவணையைத் தலையிலிருந்து வால்வரை படிப்பது. இரண்டாவது 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' 13 லட்சத்துச் சொச்சம், பக்கத்திலேயே 'லூப்ஸ் 3'. இந்த எண் ஒரு சுற்றின் சராசரி. மூன்றால் பெருக்க வேண்டும். ஆக 40 லட்சம் பதிவுகளைப் படித்துத் தூக்கி எறிந்து ஒரே ஒரு பார்சலைக் கண்டுபிடித்திருக்கிறது. மூன்றாவது 'பஃபர்ஸ் ஷேர்டு ஹிட்' சுமார் ஒரு லட்சம். ஒரு பக்கம் 8 கேபி. ஒரு லட்சம் பக்கம் என்றால் ஏறத்தாழ 800 எம்பி. எல்லாமே நினைவகத்தில் இருந்ததால் வட்டு அமைதியாக இருந்தது, முழு அடியும் சிபியுவின் முதுகில் விழுந்தது. 'நினைவகத்தில் இருந்து படித்தால் செலவில்லை' என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

ஏன் இண்டெக்ஸைத் தொடவில்லை? குவெரியின் வாசகத்தைப் பார்த்ததும் புரிந்தது. எஸ்டிடி குறியீட்டின் முன்னால் வரும் பூஜ்யம் தொலைந்துவிடக்கூடாது என்பதற்காகத் தொலைபேசி எண்ணை எழுத்து வகையில் சேமித்திருந்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் தேடல் பக்கத்தை எழுதியவர் எண்ணை எண் வகையாக அனுப்பியிருக்கிறார். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று போஸ்ட்கிரெஸ் பிழை காட்டியிருக்கும். அவர் அதைத் 'தீர்க்க', நெடுவரிசையை 'பிக்இன்ட்' என்ற எண் வகையாக மாற்றச் சொல்லி ஒரு 'காஸ்ட்' போட்டுவிட்டார். பிழை போய்விட்டது. இண்டெக்ஸும் கூடவே போய்விட்டது. எழுத்தாக அடுக்கி வைத்த பெயர்ப்பட்டியலில், ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிப் பார்த்துத்தான் ஒப்பிட முடியும் என்றால், அடுக்கு எதற்கு உதவும்? சோதனைக் கணினியில் சில ஆயிரம் பதிவுகள்தான் இருந்ததால் அங்கே எதுவும் தெரியவில்லை.

இதிலே இன்னொரு சுவை உண்டு. பேரலல் என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரிய அட்டவணையை முழுதாகப் படிக்க வேண்டியிருந்தால் போஸ்ட்கிரெஸ் ஒரு குவெரிக்கு இயல்பாக 2 உதவியாளர் புராசஸ்களை எழுப்பலாம். ஒருவர் ஒரு பார்சலைத் தேடினால் மூன்று கோர். மூன்று கவுண்டர்களில் ஒரே நேரத்தில் தேடினால் ஒன்பது புராசஸ். இருப்பதோ எட்டு கோர். டாப்பில் 'பேரலல் வொர்க்கர்' என்று பல வரிகள் வந்து வந்து மறைந்ததன் காரணம் அதுதான். ஸ்டேட்மென்ட்ஸ் காட்டிய 700 மில்லிநொடியின் உண்மையான சிபியு செலவு கிட்டத்தட்ட மும்மடங்கு.

நிரலைத் திருத்தி வெளியிட மாலையாகும் என்றார்கள். அதுவரை மூச்சு விட, தேடல் பக்கம் பயன்படுத்தும் பயனருக்கு மட்டும் 'மேக்ஸ் பேரலல் வொர்க்கர்ஸ் பெர் கேதர்' அமைப்பைப் பூஜ்யமாக்கினேன். அது புதிய இணைப்புகளுக்குத்தான் பொருந்தும் என்பதால் அந்தப் பயனரின் பழைய இணைப்புகளை அறுத்துப் புதிதாக வரவைத்தோம். ஒரு தேடலின் நேரம் சற்றுக் கூடியது. ஆனால் ஒருவருக்கு ஒரு கோர் என்றானதும் மற்றவர்களின் புக்கிங் நகரத் தொடங்கியது. மாலையில் காஸ்ட்டை எடுத்துவிட்டு, எண்ணை எழுத்தாகவே அனுப்பியதும், திட்டத்தில் 'இண்டெக்ஸ் ஸ்கேன்' வந்தது. ஒரு லட்சம் பக்கம் இருந்த இடத்தில் நான்கு பக்கம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறுகள் நிறைய. நெடுவரிசையை, எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் 'லோயர்' செயற்கூற்றுக்குள் போடுவது, தேதி நெடுவரிசையிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்து ஒப்பிடுவது எல்லாம் சாதாரண இண்டெக்ஸைக் குருடாக்கும். தேதிக்கு, தொடக்கநாள் முடிவுநாள் என்று வரம்பாக எழுதுங்கள். லோயர் வேண்டியே தீரும் என்றால் அந்தக் கோவையின் மீதே இண்டெக்ஸ் போடலாம். சொல்லின் நடுவில் தேடும், முன்னால் சதவீதக் குறி வைத்த 'லைக்' தேடலுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. 'பிஜி டிஆர்ஜிஎம்' நீட்சியும் 'ஜின்' வகை இண்டெக்ஸும் வேண்டும்.

இண்டெக்ஸே இல்லை என்றால்

போடுங்கள். ஆனால் ஓடும் சர்வரில் வெறும் 'கிரியேட் இண்டெக்ஸ்' தட்டினால், அது முடியும்வரை அந்த அட்டவணையில் யாரும் எழுத முடியாது; படிக்கலாம், அவ்வளவுதான். 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேருங்கள். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் எழுதுகிறவர்களைத் தடுக்காது. இதை 'பிகின்' போட்டுத் தொடங்கும் பரிவர்த்தனைக்குள் (ட்ரான்ஸாக்ஷன்) ஓட்ட முடியாது. நடுவில் தோற்றுப் போனால் 'இன்வேலிட்' என்ற முத்திரையோடு ஒரு பாதி இண்டெக்ஸ் கிடக்கும். அதைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கண்ணில் பட்ட நெடுவரிசைக்கெல்லாம் இண்டெக்ஸ் போடுகிற வேகமும் வேண்டாம். ஒவ்வோர் இண்டெக்ஸுக்கும் ஒவ்வோர் இன்ஸெர்ட்டும் கப்பம் கட்டுகிறது.

குவெரியும் இண்டெக்ஸும் சரிதான், நேற்றுவரை நன்றாக ஓடியதுதான், இன்று திடீரென்று திட்டம் மாறிவிட்டது என்றால் எக்ஸ்பிளெயினில் மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கையையும் உண்மை எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். 10 என்று நினைத்து 5 லட்சம் வந்திருந்தால் புள்ளிவிவரம் பழசு. அந்த அட்டவணைக்கு, புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் தனிக் கட்டளையான 'அனலைஸ்' ஓட்டுங்கள். பல நேரங்களில் அதுவே போதும். இயல்பு அமைப்பில் ஆட்டோவேக்கம் ஓர் அட்டவணையில் 20 சதவீதமும் அதற்கு மேல் 50 பதிவுகளும் செத்த பின்புதான் துப்புரவுக்கு வரும். 40 லட்சம் பதிவுள்ள அட்டவணையில் அது 8 லட்சம் பிணங்கள். 'பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ்' பட்டியலில் 'என் டெட் டியூப்' பெரிதாக இருந்தால், அந்த ஓர் அட்டவணைக்கு மட்டும் விகிதத்தைக் குறைத்து வையுங்கள். 'ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்' நிலையில் மணிக்கணக்காக உறங்கும் இணைப்பு ஏதேனும் உண்டா என்றும் பாருங்கள். அது சிபியுவைத் தொடாது, ஆனால் துப்புரவைத் தடுத்து உட்கார்ந்திருக்கும்.

நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆக்டிவாக இருந்தால் பிஜிபவுன்சர் போன்ற, இணைப்புகளை வரிசையில் நிறுத்தும் ஒரு வாயிற்காப்போனை முன்னால் நிறுத்துங்கள். 'மேக்ஸ் கனெக்ஷன்ஸ்' இயல்பாக 100. அதை 1,000 ஆக்குவது தீர்வல்ல, எட்டு கோருக்கு முன்னால் வரிசையை நீட்டுவது. 12ஆம் பதிப்புக்கு மாறிய பிறகு நடுத்தர அளவுக் குவெரிகள் திடீரென்று மெதுவானால் எக்ஸ்பிளெயின் விடையின் அடியில் 'ஜிட்' (குவெரியை ஓட்டும்போதே இயந்திர மொழிக்குத் தொகுக்கும் வசதி) பகுதியைப் பாருங்கள். அந்தப் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. தொகுக்கும் நேரம் ஓடும் நேரத்தை விழுங்கினால் அணைத்துவிடலாம்.

மையெஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு

டாப்பில் ஒரே ஒரு 'மைஎஸ்கியூஎல்டி' 640 சதவீதம் என்று காட்டும். பயப்படாதீர்கள், ஒரு கோருக்கு 100 என்ற கணக்கு. அங்கே இணைப்புகள் தனிப் புராசஸ்கள் அல்ல, ஒரே புராசஸுக்குள் ஓடும் த்ரெட்கள். 'டாப் மைனஸ் பெரிய ஹெச்' போட்டால் த்ரெட் வாரியாகப் பிரியும். அந்த எண்ணை 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா'வில் உள்ள 'த்ரெட்ஸ்' அட்டவணையின் 'த்ரெட் ஓஎஸ் ஐடி' நெடுவரிசையோடு பொருத்துங்கள். ஓடுவதைப் பார்க்க 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்'. மெதுவானவற்றைச் சேகரிக்க ஸ்லோ குவெரி லாக். அதன் இயல்பு வரம்பு 10 நொடி என்பதால் அப்படியே விட்டால் எதுவும் சிக்காது. ஒரு நொடிக்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள். கைப்பேசி எண் கதை மையெஸ்கியூஎல்லில் இன்னும் மோசம். எழுத்து நெடுவரிசையை எண்ணோடு ஒப்பிட்டால் அது பிழைகூடக் காட்டாது. சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு, இண்டெக்ஸைக் கைவிட்டு ஓடும்.

சரிசெய்தபின்

டாப்பில் எண் இறங்கியது என்று எழுந்துவிடாதீர்கள். ஒருவேளை மதிய உணவு நேரமாக இருக்கலாம். 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் ரீசெட்' கொடுத்துக் கணக்கைப் பூஜ்யமாக்கி, மறுநாள் அதே நெரிசல் நேரத்தில் பட்டியலை மறுபடி எடுங்கள். இணையப் பக்கம் பயன்படுத்தும் பயனருக்கு மட்டும் 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' 30 நொடி என்று வைத்துவிடுங்கள்; இயல்பாக அது பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. பேக்கப் எடுக்கும் பயனருக்கு அதை வைக்கவேண்டாம்.

பட்டியலின் முதலிடத்துக்கு இப்போது வேறொரு குவெரி வந்திருக்கும். யாராவது ஒருவர் முதலில் இருந்துதானே ஆக வேண்டும்! மொத்த நேரத்தில் அதன் பங்கைப் பாருங்கள். பார்சல் நிறுவனத்தில் அந்த மறுநாள் முதலிடத்தில் இருந்தது புக்கிங் பதிவு செய்யும் சாதாரண இன்ஸெர்ட். பங்கு ஒன்பது சதவீதம். அதை நான் தொடவில்லை.